கங்காணி வாய் வழியே போன கணக்கு

பினாயில் நாற்றம் என்றால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், பதுளைக்கு மேலே நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில், வருடக்கணக்காக அடைபட்டுப் புழு நெளிந்துகொண்டிருந்த லயத்துக் "கான்"களில், அதாவது எங்கள் வரிசை வீடுகளின் சாக்கடைகளில், திடீரென்று ஒருநாள் வாளி வாளியாகப் பினாயிலை ஊற்றினார்கள். கூடவே லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். பின்சுவர் புகைக்கரி அப்பியபடியே கிடந்தது; குடிசன மதிப்புக்கு வருகிற அதிகாரி பின்பக்கம் போய்ப் பார்க்கப் போகிறாரா என்ன? எங்கள்மேல் தோட்டத்துக்கு வந்த அக்கறை அந்த முன்சுவரோடு சரி.

கணக்கெடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததுமே லயத்தில் ஆளுக்கு ஆள் முகம் வெளிறியது. அது எங்கள் சனத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். யார் பெயரை எழுதினாலும் கப்பலுக்குத்தான் எழுதுகிறார்கள் என்று பெண்கள் தண்ணீர்ப் பீலியடியில் பேசிக்கொண்டார்கள். அதைவிடக் கிட்டத்தில் இன்னொரு பயமும் இருந்தது. தோட்டத்தின் "செக்ரோல்" என்னும் சம்பளப் பதிவில் பெயர் இல்லாத எவரும் லயத்தில் தங்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் வேறு தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட அக்காளோ கொழுந்தியாளோ மாமனாரோ ஒளிந்துகொண்டிருக்காத "காம்பரா" எங்கள் லயத்தில் குறைவு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஓர் ஆளை ஒளித்து வைப்பது எப்படி என்று கேட்பவர்கள் லயத்தில் வாழாதவர்கள்.

எங்கள் காம்பராவில் ஒளிந்திருந்தவள் மருதாயி அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே காம்பரா அவள் புருஷன் பெயரில் இருந்ததால், அவர் செத்துக் கருமாதி முடிந்த கையோடு தோட்டத்து ஆட்கள் வந்து கதவைப் பூட்டிவிட்டார்கள். ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். சமைப்பது, விறகு பொறுக்குவது, எங்களுக்குப் பேன் பார்ப்பது எல்லாம் அவள்தான். கணக்கப்பிள்ளையோ கங்காணியோ லயத்துப் பக்கம் வருகிறார்கள் என்றால், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்பங்கரை விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வாள். தொண்டை கமறினாலும் இருமமாட்டாள். வளர்ந்த மனுஷி ஒருத்தி பூனைபோல் அப்படிப் பதுங்குவதைப் பார்க்க எனக்கு அந்த வயதிலேயே அருவருப்பாக இருக்கும். அருவருப்பு அவள்மேல் அல்ல.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற "பெரட்டு"க் களத்தில் பெரிய கங்காணி பிரசங்கம் செய்தார். அம்மாவுக்குச் சோறு கொடுக்கப் போயிருந்த நானும் கேட்டேன்.

"இது அரசாங்கத்து வேல. தோட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. காம்பராவுல இருக்கிற அத்தன ஆளையும் சொல்லுங்க. ஆளக் காட்டுனாத்தான் கூப்பன் அரிசி வரும், ஆஸ்பத்திரி வரும், புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வரும். நானும் ஒங்க சனந்தானே, ஒங்களக் கெடுப்பனா?"

தேன் ஒழுகியது. அதற்கு முதல்வாரம்தான் கொழுந்து குறைந்ததென்று ஒரு பிள்ளைத்தாச்சியின் அரைநாள் பேரை, அரைநாள் சம்பளத்தை, வெட்டிய அதே வாய் அது. "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுவுது" என்று அம்மா என் காதருகே முணுமுணுத்தாள்.

ஆனால் அத்தை நம்பினாள். வெறுமனே நம்பியதோடு நிற்கவில்லை. இருட்டுக் கட்டிய பிறகு முக்காடு போட்டுக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போய், தன்னைப்போல ஒளிந்திருந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொன்னாள். "ஒளிக்காதீங்கடி, சொல்லுங்க. நாம இருக்கோம்னு ஒருக்கா எழுதிட்டாங்கன்னா அப்பறம் யாரும் இல்லேங்க முடியாது" என்பாள். அம்மா தடுத்தபோது அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "விறகுக்குப் பின்னால குந்திக் குந்தி முழங்கால் மரத்துப்போச்சு அண்ணி. நான் இருக்கேன்னு எழுதட்டுமே." அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கணக்கெடுக்க வந்தவர் பக்கத்து ஊர்ச் சிங்கள வாத்தியார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. தவிரவும், வெளியாள் எவரும் கங்காணி இல்லாமல் லயத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். ஆகவே வாத்தியார் கேட்பதைப் பெரிய கங்காணி தமிழில் கேட்பார், நாங்கள் சொல்வதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்வார். இதில் எவருக்கும் எந்தக் கோணலும் தெரியவில்லை. காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் சாவானாலும் எங்கள் செய்தி கங்காணி வாய் வழியேதான் மேலே போய்ப் பழக்கம்.

வெளுத்த சேலை கட்டி, தலையில் எண்ணெய் வைத்து வாரி, வாசற்படியில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள் அத்தை. கங்காணியைக் கண்டதும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்னப்பா ராமையா, ஒங் காம்பராவுல எத்தன ஆளு?"

அப்பா வாத்தியாரைப் பார்க்கவேயில்லை, கங்காணியைப் பார்த்துத்தான் சொன்னார். "நானு, சம்சாரம், புள்ளைங்க மூணு, எந் தங்கச்சி மருதாயி. ஆறு பேருங்க."

கங்காணி அதை வாத்தியாரிடம் சொன்னார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "எந்தத் தோட்டம்மா நீ?"

"கொஸ்லந்தப் பக்கமுங்க."

"இங்க செக்ரோல்ல பேரு இருக்கா?"

"இல்லீங்க."

வாத்தியார் அப்படி ஒரு கேள்வியே கேட்கவில்லை. அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடியிருந்தார். கங்காணி சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த காம்பராவுக்கு நடந்தார். அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. அத்தையோ அன்றைக்குப் பூராவும் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

சம்பள நாளுக்குள் உத்தரவு வந்துவிட்டது. பேர் பதியாத ஆட்கள் லயத்தை விட்டுப் போகவேண்டும், இல்லையென்றால் வைத்திருப்பவர்களின் காம்பராவுக்கும் பூட்டு. கங்காணியின் காதில் விழுந்த ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. அப்பா அவர் வாசலில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்றீர்களே? வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவர் பதில் சொன்னார்.

"நானா கேட்டேன்? நீதானப்பா ஒன் வாயால சொன்ன."

காறித் துப்பவேண்டிய முகம் அது. ஆனால் லயத்துப் பெண்கள் துப்பியது எங்கள் வாசலில். "ஒம் பேச்சக் கேட்டுத்தானேடி எங்க மாமனாரக் காட்டுனோம், நாசமாப் போறவளே!" என்று அடுத்த காம்பராக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தை, வந்த சாக்குப் பையையே எடுத்துக்கொண்டு மொனராகலை பஸ்ஸில் ஏறினாள். அங்கே கரும்புக் காட்டில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாட்டின் கணக்கில் அவள் எங்கள் காம்பராவில் குடியிருந்தாள்; எங்கள் காம்பராவில் அவள் இல்லை.

அந்த லயம் இப்போது இல்லை, மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. பெரிய கங்காணி போய்விட்டார், அந்தப் பதவியும் போய்விட்டது. கப்பல் பேச்சும் போய்விட்டது. ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று நான் பதுளை டவுனில் இருக்கிறேன். போன முறை குடிசன மதிப்பு வந்தபோது, அதிகாரியாக வேலை செய்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி என்னைத் தேடி வந்து, "தோட்டத்துச் சனம் வாய தொறக்க மாட்டேங்குது டீச்சர், நீங்க வந்து ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றாள். போனேன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து மேற்பார்வையாளர் முன்வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வெளியே போனால்தான் பேசுவேன் என்று மைக்கிலேயே சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு போனார்.

"ஒளிஞ்சிருக்கிறவங்களையும் சொல்லுங்க. ஆனா அதிகாரிகிட்ட மட்டும், வேற எவன் பக்கத்துல நின்னாலும் வாய தொறக்காதீங்க" என்றேன். கூட்டம் கலைந்த பிறகு இளம்பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க நாத்தனா எங்களோட இருக்கா டீச்சர், தோட்டத்துல பேரு இல்ல. சொன்னா ஒண்ணும் ஆகாதே?"

ஆகாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கங்காணி சொன்னதும் அதுதானே? "அவங்க வர்ற அன்னைக்கு நானும் வர்றேன்" என்றேன். சொன்னபடியே அவள் காம்பராவுக்குப் போனேன். அதிகாரிப் பிள்ளை உள்ளே உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் மேற்பார்வையாளர், "என்ன டீச்சர், நீங்களும் இங்கயா?" என்று சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.