செவலையைக் கூப்பிட ஒரு மூச்சு

அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மொக்கைச்சாமி எதையும் யோசித்துச் செய்கிறவர். அதுதான் சிக்கலே. நாள்பட்ட நுரையீரல் நோய் என்று சொல்லி, காலையும் மாலையும் வாயில் வைத்து இழுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். இவர் முதலில் ஒரு பீடி இழுப்பார். கையோடு மருந்தையும் இழுப்பார். புகை போன தடத்தை மருந்து போய்க் கழுவிவிடுமாம். எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கும் இந்தக் கண்டுபிடிப்பை இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வருடம் கழுவியும் மூச்சு வாங்குவது குறையவில்லை. போன பொங்கல் ஜல்லிக்கட்டில் அவருடைய செவலைக் காளை வாடிவாசலைத் தாண்டி, யாரிடமும் பிடிபடாமல் அவரிடமே ஓடிவந்தது. இவரோ கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். காளை மிரண்டு ஓடியது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூட அவருக்கு மூச்சில்லை. மறுநாள் பெருங்குடிக் கண்மாயில்தான் அதைப் பிடித்தோம்.

"அடுத்த பொங்கலுக்கும் இதே கூத்துன்னா மாட்ட என் தம்பி அழகுமலைகிட்ட குடுத்துருவேன். அவனாவது ஓடிப் புடிப்பான்" என்றாள் அவர் மனைவி சின்னத்தாய்.

மச்சினன் பேரைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. மருந்து சரியில்லை என்று டாக்டர் தமிழ்வாணியிடம் சண்டைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"எப்படி இழுக்குறீங்க, செஞ்சு காட்டுங்க."

சட்டைப்பையிலிருந்து முதலில் பீடிக்கட்டு வெளியே வந்தது.

"அது எதுக்கு?"

"இது மொதல்ல தாயி. மருந்து அப்புறம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மூச்சுக்குழாய் வீக்கம் குறையத்தான் இந்த மருந்து. பீடிப்புகை அந்த வீக்கத்தைக் கிளப்பிவிடும், மருந்தையும் முழுசா வேலை செய்ய விடாது. கழுவவெல்லாம் முடியாதுய்யா."

"பீடிய விட்டா செவலைக்கு என்னைய அடையாளம் தெரியாதே தாயி. வாசம் புடிச்சுத்தான அது எங்கிட்ட வருது!"

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

மனுஷன் பீடிக்கட்டை டாக்டர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றைக்கே பீடியை விட்டார். முதல் மாதம் இரண்டு தடவை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பீடியோடு சின்னத்தாயிடம் மாட்டினார். கடலைமிட்டாயாகத் தின்று தீர்த்தார், தெருவில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தார். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகிவிடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஐப்பசியில் மாடிப்படியை நிற்காமல் ஏறினார்.

இந்தப் பொங்கலுக்குச் செவலை புழுதி பறக்க வந்தது. அவருக்கு எதிரே நின்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. பழகின வாசம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்தில் அழகுமலை கயிற்றோடு தயாராக நின்றான்.

"ஏய் செவல! இங்க வாடா!"

கூட்டத்தின் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. பின்னாலேயே இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காளை திரும்பி நடந்து வந்து அவர் கையை மோந்தது. நிதானமாகக் கயிற்றைப் போட்டார்.

சின்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இந்தக் கொரலக் கேட்டு எம்புட்டு வருசமாச்சுண்ணே."