மூன்று பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய கிண்ணம்

பிலோமினா அக்கா காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. இத்தாலியின் பலேர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஓட்டலில் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் செபஸ்தியான் அண்ணர் போன் எடுத்தார். "அக்கா மோசம் போயிட்டா தம்பி" என்று விம்மினார். விம்மி முடித்ததும் அதே அழைப்பிலேயே, "முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீதானே செயலாளர், ரெண்டு பக்கம் நல்லா எழுது" என்றார்.

நல்லாக எழுதத்தான் உட்கார்ந்தேன். 'சேவையின் சிகரம்' என்று தொடங்கிப் பார்த்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் கமிட்டியின் விருப்பம்.

அக்காவை அறியாதவர்களுக்கு: அவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடியவர். கணவர் இறந்தபின் பலேர்மோவுக்கு வந்தார்; பிள்ளைகள் இல்லை. மொண்டெல்லோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சின்யோராவை, பராமரித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவருக்கு லீவு. மற்றவர்கள் அந்த நேரத்தில் நித்திரை கொள்வார்கள், அல்லது இன்னொரு வீடு துடைக்கப் போவார்கள். அக்கா அதை எங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

கோவிலுக்குப் பின்னாலுள்ள திடலில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கூடைப்பந்து அணி தொடங்கவேண்டும் என்று அவர் கேட்டபோது கமிட்டியில் எல்லோரும் சிரித்தோம். "பெட்டையளை ஆர் அக்கா விடுவினம்?" என்று கேட்டதே நான்தான். அவர் என்னோடு வாதாடவில்லை. எங்கள் சனம் குடியிருக்கும் அல்பெர்கேரியாவின் ஒழுங்கைகளில் வீடு வீடாகப் படியேறினார். "நானே வந்து கூட்டிக்கொண்டு போறன், நானே கொண்டுவந்து விடுறன்" என்பதுதான் ஒவ்வொரு வாசலிலும் அவர் சொன்னது. அந்த ஒரு வாக்குக்காகத்தான் தாய்மார் விட்டார்கள். ஒருநாள் மழையால் கால்மணி நேரம் பிந்திவிட்டதென்று நாலு மாடி ஏறிப்போய் ஒரு தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். முழங்கால் நோகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்.

திடலில் அவருக்கு வாய் சும்மா இராது. "பந்தை வைச்சுக்கொண்டு என்னடி செபமாலையே சொல்லுறாய்? குடு அவளிட்டை!" என்று கத்துவார். பிள்ளைகள் அவரைச் 'சியா' என்று இத்தாலிய மொழியில் மாமி முறை வைத்துக் கூப்பிடுவார்கள். திட்டு விழுந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களில் மூன்று பேர் தனிக் கூட்டாக வந்தார்கள்: டிலக்சி, அஞ்சலீனா, மதுஷா. மூவருக்கும் பதினைந்து வயது. "இதுகள் மூண்டும் கண்ணாலயே கதைக்குங்கள். இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துப் பாருங்கோ" என்பார் அக்கா.

நாங்கள் பொறுக்கவில்லை. இத்தாலியிலுள்ள தமிழ்க் கழகங்களின் கோடைப் போட்டியில் இரண்டு தரம் அரையிறுதியில் தோற்றோம். இரண்டு தரமும் கத்தானியாக் கழகத்திடம். அவர்களிடம் ஷெரோமி என்றொரு பிள்ளை இருந்தாள். நல்ல உயரம், இத்தாலியப் பெண்களின் கழகத்திலும் ஆடுகிறவள். அவளுக்கு நேர்சிங் படிக்க பலேர்மோவில் இடம் கிடைத்தது. கத்தானியாக்காரர், "அவள் உங்களுக்கு ஆட விடுதலைக் கடிதம் தாறம். ஆனால் உங்கட அந்த மூண்டு பேரையும் எங்களுக்குத் தாருங்கோ" என்றார்கள்.

கமிட்டி கூடியது. செபஸ்தியான் அண்ணர் மேசையில் தட்டினார். "ஒருத்தி வந்தால் கப் வருது. பிள்ளையள் இன்னும் வளருங்கள்தானே, வேற மூண்டு பேரை வளர்ப்பம்."

"வளர்க்கிறதெண்டால் என்ன, கத்தரிக்காய்க் கண்டே?" என்றார் அக்கா. "அவள் கெட்டிக்காரி, நான் இல்லையெண்டேல்லை. படிச்சு முடிச்சால் அவள் போயிடுவாள். இதுகள் இஞ்சைதான் இருக்கும். அதைவிட, கத்தானியாவுக்குப் பயிற்சிக்கு மூண்டு மணித்தியாலம் பஸ். எந்தத் தாய் விடுவா? நீங்கள் இதுகளை மாத்தேல்லை. வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைப் பூட்டுறியள்."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நான் கிண்ணத்துக்குக் கை உயர்த்தினேன். கத்தானியாவிலுள்ள என் மச்சான் ஒவ்வொரு தோல்விக்கும் போன் எடுத்து, "என்ன மச்சான், கப்பைக் கழுவி வைக்கட்டே?" என்று கேட்பார். அந்த நக்கலுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை. அட, இதை எழுதவே கை கூசுகிறது.

வாக்கு மூன்றுக்கு மூன்று. எங்கள் சனத்தின் வழக்கப்படி திருவுளச் சீட்டுப் போடுவோம் என்றார் அண்ணர். சம்மதமென்றால் 'ஓம்', மறுப்பென்றால் 'இல்லை' என்று இரண்டு துண்டில் எழுதி மாதாவின் காலடியில் வைத்து, செபம் சொல்லி ஒன்றை எடுப்பது. வருவது மாதாவின் விருப்பம். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. அக்காவும் உடனே சம்மதித்தார். மாதா தன் பக்கம் நிற்பார் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

செயலாளர் என்றபடியால் சீட்டை நான் எழுதினேன். ஒன்றில் 'ஓம்' என்று எழுதினேன். மற்றதிலும் 'ஓம்' என்றே எழுதினேன்.

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் முழங்காலில் நின்றோம். "அக்காவே எடுக்கட்டும்" என்றார் அண்ணர். அவர் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். விரித்தார். உதடு மட்டும் அசைந்தது. மற்றச் சீட்டை விரித்துப் பார்க்க ஒருவரும் கேட்கவில்லை. மாதாவின் முடிவைச் சரிபார்க்க எங்கள் ஆட்களில் யாருக்குத் துணிவு வரும்? அந்தத் துணிச்சல் எனக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த மூன்று வீட்டுக்கும் செய்தி சொல்ல அக்காவே போனார். நானும் கூடப் போனேன். "பெர்கே, சியா?" என்று கேட்டாள் டிலக்சி. ஏன் என்று. "நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அம்மா. மாதா அப்பிடி நினைச்சிட்டா" என்றார் அக்கா. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழு ஞாயிறு அக்காவே மூவரையும் பஸ்ஸில் கத்தானியாவுக்குக் கூட்டிப் போனார். விடிய வெளிக்கிட்டு, இருட்டத் திரும்பி, அதன்பிறகு மொண்டெல்லோவுக்கு ஓடுவார். பிறகு சின்யோரா படுக்கையில் விழுந்தார். ஞாயிறு லீவும் போனது. அக்கா இல்லாமல் தாய்மார் விடவில்லை. விடுதலை வாங்கிய பிள்ளை இரண்டு வருடத்துக்குப் பழைய கழகத்துக்குத் திரும்பக்கூடாது என்பது போட்டி விதி. அத்தோடு மூவரின் விளையாட்டும் முடிந்தது. அஞ்சலீனா இப்போது தாயோடு வீடு துடைக்கப் போகிறாள்.

கிண்ணம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஷெரோமி அபாரமாக ஆடினாள், அவளில் ஒரு குற்றமும் இல்லை. மச்சானுக்கு நான் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. அடுத்த வருடம் ஷெரோமியின் குடும்பம் லண்டனுக்குப் போனது, அவளும் போனாள். போட்டிக்கு ஆள் சேராமல் அணி கலைந்தது. அக்கா பிறகு திடல் பக்கமே வரவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆள் பாதியாகிப் போயிருந்தார். "இருடா தம்பி" என்றார். இருக்க முடியவில்லை.

"அக்கா, ரெண்டு சீட்டிலயும் நான் ஓம் எண்டுதான் எழுதினனான்."

அக்கா தலையணையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்ப மாதா ஒண்டும் சொல்லேல்லை?"

"இல்லை அக்கா."

"ரெண்டு வருசம்" என்றார். "ரெண்டு வருசமா நான் அவவோட கோவம். பூசைக்குப் போவன், அவவின்ர முகத்தை நிமிந்து பாக்க மாட்டன். என்ர கையால எடுத்து என்ர பிள்ளையளை வித்துப்போட்டன் எண்டு நான் அழாத நாள் இல்லை. நீ கூட நிண்டு பாத்துக்கொண்டிருந்தனி."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"அந்தக் கதையை என்னட்டைக் கதையாதை. அந்த மூண்டு பிள்ளையளிட்டையும் போய்ச் சொல்லு. இப்ப வெளியில போ. எனக்கு மாதாவோட கதைக்கக் கிடக்கு."

அதற்குப் பிறகு எட்டு நாள் அக்கா உயிரோடு இருந்தார். அந்த எட்டு நாளும் பல்லாரோ சந்தைக்குப் போனேன், பக்கத்திலுள்ள அந்த மூன்று பிள்ளைகளின் வீடுகளுக்குக் கீழாலேயே நடந்தேன். ஒரு மணியையும் அழுத்தவில்லை.

அடக்கப் பூசையன்று கமிட்டி அந்தக் கிண்ணத்தை மினுக்கிக் கொண்டுவந்து பெட்டியின் தலைமாட்டில் வைத்தது. மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். வளர்ந்துவிட்டார்கள்; டிலக்சி இப்போது ஷெரோமியின் உயரம் இருப்பாள். அவள் நேராக நடந்து வந்து, கிண்ணத்தைத் தூக்கி, சனம் உட்காரும் வாங்குக்குக் கீழே வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற இருவரும் வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். பூசை முடியும் வரை அவர்கள் அசையவில்லை.

டிலக்சி, அஞ்சலீனா, மதுஷா: உங்களை வேண்டாமென்றது மாதா இல்லை, சியாவும் இல்லை. நான். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். கமிட்டி இதை மலரில் போடாவிட்டால், நானே பிரதி எடுத்து உங்கள் மூன்று கதவுக்குக் கீழாலும் தள்ளிவிடுவேன். மணியை அழுத்த இப்போதும் எனக்குத் துணிவில்லை.

போய் வாருங்கள் அக்கா. மாதாவோடு கோபம் தீர்ந்திருக்கும். என்னோடு தீரவேண்டாம்.