ஹெக்டர் பார்க்காமல் சிரித்த படம்

என் அப்பா ஹெக்டருக்கு ஓடாத சிரிப்புப் படங்கள்தான் பிடிக்கும். நாலு பேர் நல்லது என்று சொன்ன படத்தைத் தொடவே மாட்டார். தியேட்டரில் ஒரு கிழமை தாங்காமல் தூக்கிய படம் என்றால் முகம் மலர்ந்துவிடும். "இதுக்குள்ள ஒரு சாமான் இருக்கு மகள்" என்பார். நானும் பல தடவை கூட இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சாமானும் இல்லை, கொட்டாவிதான் வந்தது.

கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இந்த ரசனைக்குத் துணையில்லை. அம்மா பிறிஜெற்றுக்கு டிவி சீரியல்தான். துணை கிடைத்தது வெள்ளவத்தையில், கதிர்காமநாதன் அங்கிள். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர், கடன் கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோலத்தான் எல்லோரையும் பார்ப்பார். ஆளில்லாத தியேட்டர் ஒன்றில் முன்னுக்கு அப்பாவும் பின்னுக்கு அவரும் படத்தின் ஒரே காட்சிக்குத் தனித்தனியாகச் சிரித்து, இடைவேளையில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். அதன் பிறகு சனிக்கிழமை என்றால், அங்கிள் வீட்டு டிவியில் படம் பார்க்க, அப்பா வெள்ளவத்தை பஸ்ஸில்தான்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் மட்டும் போகமாட்டார். மற்றவர்கள் இறைச்சியை ஒறுப்பார்கள். அப்பா சிரிப்புப் படத்தை ஒறுப்பார். "இறைச்சியை விடுறது எனக்குக் கஷ்டமில்லையே. கஷ்டமில்லாததை விட்டா அது என்ன ஒறுத்தல்?" சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்கும் ஒரு ஒறுத்தல்தான்.

இந்த வருடம் அங்கிளுக்குக் கனடா விசா வந்தது. மகனோடு போய் இருக்கப் போகிறார், திரும்பி வரும் எண்ணமில்லை. பயணம் பெரிய வியாழனுக்கு முதல் நாள், தவக்காலம் முடிய முன்னம். இருவரும் சேர்ந்து பார்க்கவென்று தேடிப் பிடித்த ஒரு படம் இன்னும் பாக்கி இருந்தது.

"ஒரு நாள்தானே அப்பா. கடவுள் கணக்குப் பார்க்க மாட்டார்" என்றேன்.

"அவர் பார்க்க மாட்டார். நான் பார்ப்பன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போனார்.

கடைசிச் சனிக்கிழமை அங்கிளை வழியனுப்ப நான்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபிளாட் முழுக்கப் பெட்டிகள். அப்பா வருகிறார் என்று அங்கிள் டிவியைத் துணியால் மூடி வைத்திருந்தார். தேத்தண்ணீர் குடித்து முடிந்தது. பிறகு அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"ஹெக்டர், பாக்கிறதைத்தானே நீர் விட்டனீர்? கேக்கிறதை விடேல்லையே?"

"கேக்கிறதைப் பற்றி நான் ஒண்டும் நேந்துகொள்ளல்ல."

"அப்ப கேளும். அந்தப் படத்தை நான் நேற்றுப் பாத்திட்டன்."

கடன் விண்ணப்பத்தை வாசிக்கிற அதே குரலில் சொல்லத் தொடங்கினார். கல்யாணத்துக்குப் பயந்த ஒருவன் செத்துவிட்டதாகக் கதை கட்டிவிடுகிறான். என்ன நடக்கிறது என்று பார்க்க, தன் செத்த வீட்டுக்கே பந்தல்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு போகிறான். அங்கே ஒருவரும் அழவில்லை. கோபம் வந்து, தானே விழுந்து புரண்டு அழுகிறான். "இந்தப் பந்தல்காரன் ஆர், இவ்வளவு நல்லவனா இருக்கிறான்" என்று பெண்வீட்டார் அவனையே மாப்பிள்ளை கேட்கிறார்கள்.

அப்பா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கிளும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறு பின்னேரம் அப்பா அந்தப் படத்தைப் போட்டார். ஐஸ்கிரீம் வண்டிக்காரன் ஒருவனுடைய கதை. செத்த வீடும் இல்லை, பந்தலும் இல்லை. பாதியிலேயே ஸ்பீக்கரில் போட்டுக் கனடாவுக்குப் போன் எடுத்தார்.

"கதிர், நீங்க சொன்னது ஒண்டும் இதில இல்லையே?"

"இராது. நான் அதைப் பாக்கேல்லை."

"ஏன்?"

"நீர் இல்லாமல் நான் ஆரோட சிரிக்கிறது?"

அப்பா போனைப் பொத்திக்கொண்டு, "எனக்காகச் சொந்தமா இட்டுக்கட்டியிருக்கிறார் மகள்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"ஹெக்டர், லைனில நிக்கிறீரோ? இப்ப நீர் பாக்கிறீர்தானே. என்ன நடக்குது, சொல்லும்" என்றார் அங்கிள்.

அப்பா மூக்கைச் சிந்தினார். டிவியை நிற்பாட்டிவிட்டு, படத்தில் இல்லாத ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார்.