தகவலாளி ஏழு, பன்னிரண்டு, பத்தொன்பது

புனேயில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் முதுகலை மாணவர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி வகுப்பு எடுப்பேன். புத்தகத்தை எப்படித் தேடுவது, இணையத்தில் கிடைப்பதை எவ்வளவு தூரம் நம்புவது, அடுத்தவர் வாக்கியத்தை எடுத்தால் அவர் பெயரை எங்கே போடுவது, இவைதான் பாடம். மாணவர்கள் வருகைப் பதிவுக்காக வருவார்கள். வெளியே மழை கொட்டினால் இன்னும் சிலர் ஒதுங்க வருவார்கள். நான் அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. கையில் மைக் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிடும்.

மூன்றாம் வாரம் அடிக்குறிப்பு. அன்றைக்கு நான் சாமியே ஆடிவிடுவேன். எந்த அடிக்குறிப்பையும் அப்படியே நம்பாதீர்கள், அதன் வேர்வரைக்கும் போய்ப் பாருங்கள் என்று மேசையைத் தட்டுவேன். ஆளுக்கு ஓர் ஆய்வேட்டை எடுத்து, அதிலுள்ள அடிக்குறிப்புகளில் சிலவற்றைப் பின்தொடர்ந்து, உண்மைதானா என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பத்து மதிப்பெண். அதிக மதிப்பெண் வாங்கியவர் கடைசி வகுப்பில் அதை வாசிப்பார். முன்வரிசையில் பேராசிரியர்களும் எங்கள் தலைமை நூலகர் அம்மையாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

அலமாரியில் தேடிப் பழகுவதற்காக ஓர் ஆய்வேட்டின் எண்ணைப் பலகையில் எழுதி, எடுத்துவரச் சொல்வேன். அது என்னுடைய சொந்த எம்.ஃபில். ஆய்வேடு. நான் குடியிருக்கும் கசார்வாடியில் தமிழ்த் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் என்ன கொண்டுபோனார்கள் என்பது அதன் பொருள். சிரிக்க வேண்டாம், அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முத்திரை, அதுவும் நானே எடுத்தபோது விழுந்தது. வகுப்புப் பிள்ளைகளின் கையாவது அதன்மேல் படட்டுமே என்று எனக்கு ஓர் அற்ப ஆசை. அவர்களும் எடுத்துவந்து காட்டிவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல் திரும்ப வைத்துவிடுவார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த முறை ஒருத்தி திறந்துவிட்டாள். சாங்லியிலிருந்து வந்த மராட்டி மாணவி. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பவள். இதையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா சர் என்றாள். பூரித்துப்போய்ச் சரி என்றேன். சாயங்காலம் லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். இருபது பேரைப் பேட்டி காணாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று என் வழிகாட்டி அன்றைக்குச் சொல்லியிருந்தார். பதினேழு பேர் கிடைத்தார்கள். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது, கெடுவுக்கு நாலு நாள்தான் இருந்தது. வீட்டில் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர், முப்பது வருஷம் டப்பா தூக்கியவர், பேச ஆள் கிடைத்தால் விடாதவர். அம்மா கோயிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவரைக் கேட்டேன். அவர் பேசியது மூன்று பேருக்குக் காணும். ஆகவே அவரை மூன்று பேர் ஆக்கிவிட்டேன்.

ஆய்வேட்டில் பேட்டி கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது, தகவலாளி என்று ஓர் எண்தான். தகவலாளி ஏழு தன் மனைவியின் கைமணத்தைப் புகழ்ந்தார். தகவலாளி பன்னிரண்டு தன் தயிர்சாதத்தைத் தினமும் பக்கத்து மெஷின் மராட்டி நண்பரிடம் தள்ளிவிட்டு, அவருடைய பாக்ரி என்ற சோள ரொட்டியையும் தெச்சா என்ற காரமான மிளகாய்த் துவையலையும் வாங்கித் தின்றார். தகவலாளி பத்தொன்பது, அப்படி மாற்றித் தின்ற விஷயம் மனைவிக்கு இன்றுவரை தெரியாது என்றார். அடிக்குறிப்பில் மூவரையும் ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர், லேத் தொழிலாளி, கசார்வாடி என்று எழுதினேன். வயதை மட்டும் ஆளுக்கு இரண்டு மாற்றிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. லுங்கியோடு போய்த் திறந்தேன். குடை சொட்டச் சொட்ட அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குத்தான் அதிக அதிர்ச்சி. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் மூன்று பேரைப் பற்றியும் தனித்தனியாக விசாரித்திருக்கிறாள். கடைக்காரர் மூன்று தடவையும் எங்கள் வீட்டையே கைகாட்டியிருக்கிறார். அந்த மூவரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், உள்ளேயிருந்து அப்பா அவளை இந்தியில் வரவேற்றுவிட்டார்.

அவள் நோட்டைத் திறந்து, ஏழாம் தகவலாளியின் பேச்சை இந்தியில் சொல்லி, இவரைத் தெரியுமா அங்கிள் என்றாள். அது நான்தான் என்றார் அப்பா. பன்னிரண்டுக்கு வாய்விட்டுச் சிரித்து, அதுவும் நான்தான் என்றார். நான் இருமினேன், கண்ணைக் காட்டினேன். அவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் பத்தொன்பதை வாசித்து முடிக்கவும் அம்மா டீத் தட்டோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எங்கள் வீட்டிலேயே இந்தி நன்றாகத் தெரிந்தவள் அம்மா.

அப்பாவை அம்மா எப்போதும் நீங்க என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அது போய்விட்டது.

"முப்பது வருசமா நான் விடியக்காலைல எழுந்து கட்டிக் குடுத்தத எவனுக்கோ போட்டுட்டு, நீ பாக்ரி தின்னுகினு இருந்தியா?"

அப்பா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அவளை உட்காரவைத்துத் தயிர்சாதம் போட்டாள். அவள் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று முதல் அப்பாவுக்கு மூன்று வேளையும் பாக்ரி.

வந்து சேர்ந்த பயிற்சித் தாள்களில் அவளுடையதுதான் சிறந்தது. என் ஜென்மத்தில் அப்படியொரு நேர்மையான பக்கத்தை நான் எழுதியதில்லை. மூவரையும் கண்டுபிடித்தேன், மூவரும் ஒருவரே, அவர் உண்மையே பேசுகிறார் என்று இருந்தது. தயிர்சாதம் நன்றாக இருந்ததையும் ஆதாரத்தோடு குறித்திருந்தாள். பத்துக்கு ஐந்து போட்டு மேசை இழுப்பறையில் தள்ளிவிட்டால் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. பத்து போட்டு அவள் கடைசி வகுப்பில் வாசித்துவிட்டாலோ, இனி இந்த நூலகத்தில் அடிக்குறிப்பு என்று நான் வாயைத் திறக்க முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வகுப்புதான். அதைவிட்டால் ஒன்றும் இல்லை. நாலு நாள் தாள் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் பாக்ரியைப் பிய்த்துக்கொண்டே அப்பா, "அந்தப் பொண்ணுக்கு எத்தினி மார்க் போட்ட?" என்று கேட்டார்.

இன்னும் போடவில்லை என்று முனகினேன்.

"மழைல அம்மாந்தூரம் வந்து கேட்டுக்கினு போச்சி. கேட்டதுக்கு நான் பொய் சொல்லல. நீதான் சொல்லிக்கிற."

எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் நான் தட்டிய மேசையெல்லாம் நினைவுக்கு வந்தது. மறுநாள் பத்துக்குப் பத்து போட்டேன்.

கடைசி வகுப்பில் அவள் வாசித்தாள். ஆய்வேட்டின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மூவரும் ஒருவரே என்றதும் அரங்கம் அதிர்ந்தது. முதலில் சிரித்தது தலைமை நூலகர் அம்மையார்தான். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னை வெகுநேரம் பார்த்தார். திருத்தச் சீட்டு எழுதி ஆய்வேட்டில் நானே ஒட்ட வேண்டும் என்று பின்னால் சொன்னார், ஒட்டினேன். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் போயிருந்தேன். தாளின் கடைசி இரண்டு வரிக்குத் தயாராக இல்லை. என் மானம் எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்ததில், அத்தனை தடவை படித்தும் அது என் மண்டையில் ஏறவில்லை.

"ஆய்வாளர் ஒருவரை மூன்று பேராகப் பிரித்திருக்கிறார். ஆனால் அந்த டப்பாக்களைக் கட்டிய பெண்களில் ஒருவரைக்கூட அவர் கேட்கவில்லை."

நான் இருபது அடிக்குறிப்பையும் மனதுக்குள் புரட்டினேன். அவள் சொன்னது சரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாட்டைப் பற்றி இருநூறு பக்கம் எழுதி, அம்மாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோயிலுக்குப் போகட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றேன். அம்மா வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த முப்பது வருஷ டப்பாவைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. காலால் மணையை என் பக்கம் நகர்த்தினாள்.

"கேளு. மொதல்ல இதச் சொல்லு, என்னை எத்தினி பேரா எழுதப்போற?"