மதுமதி செய்த உருவாரம்

குக்கருக்கு வயிறு வைத்துக்கொண்டிருக்கிறாள் மதுமதி. மண் குக்கர். மூடிக்குக் கீழே இரண்டு பிள்ளை பெற்ற அடிவயிறு மடிந்து தொங்குகிறது. அதில் அறுவைத் தழும்பை ஈர்க்குச்சியால் கீறுகிறாள். கீறல் நேராக விழுந்துவிட்டால் பிடிக்காது. வழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். "ஆசுபத்திரில ஆரு ஸ்கேல் வெச்சுத் தெக்கறாங்க?" என்று தனக்கே சொல்லிக்கொள்வாள்.

நாமகிரிப்பேட்டைக்கு வெளியே, மாமனார் கோழித்தீவனம் அடுக்கியிருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. மின்சூளையைப் போட்டால் வீட்டில் மிக்சி ஓடாது. அன்றைக்கு மாமியார் சட்னி அரைக்காமல் இட்லிக்குத் தயிரை ஊற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அந்தப் பேசாமைதான் மதுமதிக்குச் சுளீரென்று படும்.

அலமாரியில் இடுப்பு வைத்த கேஸ் சிலிண்டர், முதுகெலும்பு துருத்திய முறம், துண்டு போர்த்திய நைட்டி. நைட்டிக்குள் ஆள் இல்லை. சென்னையில் இவற்றைக் கண்காட்சி வைக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் இவள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டதே கிடையாது. சாம்பார் ஊற்றும் அம்மாளின் முழங்கையையே பார்ப்பாள். "என்னங்க பாக்கறீங்க?" என்று அப்படி ஓர் அம்மாள் கேட்க, "கையி நல்லாருக்குதுங்க" என்றாள். அந்தம்மாள் வளையலைச் சொல்வதாக நினைத்துக் கடையின் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் இவளைப் 'பொம்மைக்காரி' என்று பேர் வைத்து ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு விஷயத்தில்தான் உரசல். நோய் கண்ட உறுப்பை மண்ணில் செய்து கோயிலில் வைக்கும் வழக்கம் இங்கே உண்டு, உருவாரம் என்பார்கள். மூட்டுவலிக்கு ஒரு கால் கேட்டு வந்தவர்களை, "நான் சாமிக்குச் செய்யறதில்லீங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். கொஞ்சம் திமிர்தான்.

பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி வந்தபோதும் அதையே சொன்னாள். பாவாயி நகரவில்லை.

"கோயில் கடையில கையி, காலு, கண்ணுதான் அம்மிணி விக்கறாங்க. இத அந்த ஆளுகிட்ட எப்புடிக் கேக்கறது?" என்று முந்தானையை நெஞ்சின்மேல் இழுத்துக்கொண்டார். மார்பில் கட்டி. வெள்ளிக்கிழமை சேலத்தில் ஆபரேஷன். கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. "சுடக்கூட வேண்டாம். பச்சை மண்ணா இருந்தாலும் ஆத்தா ஏத்துக்குவா."

மதுமதி கையைத் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கமுங்க்கா?"

பாவாயி கதவைச் சாத்திவிட்டு வந்து காட்டினார். பழகின கை, பால் கொடுத்துத் தளர்ந்த சரிவும் கீழ்மடிப்பும் சீக்கிரமே பலகைமேல் வந்துவிட்டன. கட்டி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சுண்டைக்காய் அளவு மண்ணை உருட்டி அந்த இடத்திலேயே ஒட்டினாள். உள்ளதை உள்ளபடி செய்துதான் அவளுக்குப் பழக்கம்.

பாவாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது வேண்டாம் அம்மிணி. அது போகோணும்னுதான வெக்கறேன்."

தன் கை செய்வது அப்படியே பலித்துவிடுமோ என்று மதுமதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. உருண்டையை எடுக்க நீட்டிய கையை நிறுத்தினாள். பாவாயியின் கட்டைவிரலைப் பிடித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டு, பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.