கரி மூட்டைக்கு வந்த மரியாதை

போன வாரம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் கரி பஸ்ஸில் போனேன். போனேன் என்றா சொன்னேன்? பாதி வழி தள்ளினேன்.

யுத்தத்தால் பெட்ரோலுக்குப் பெர்மிட் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து பஸ்களுக்கெல்லாம் முதுகில் ஒரு பீப்பாய் முளைத்திருக்கிறது. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டுகிறார்கள். கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுகிறார். அதிலிருந்து வரும் வாயுவில்தான் என்ஜின் ஓடுகிறது. மேடு வந்தால் நாம் இறங்க வேண்டும். டிக்கெட் விலை மட்டும் இறங்கவில்லை.

விக்கிரவாண்டிக்கு முன்னால் சாலையோரமாக ஒரு சேரி. தலையில் மூட்டையோடு ஒரு அம்மாள் கை காட்டினாள். பக்கத்தில் அவள் மகள், வீங்கிப்போன காலோடு கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார், நிறுத்தவில்லை. அங்கே எப்போதுமே நிறுத்துவதில்லையாம். ஏன் என்று கேட்டேன். முதலாளி உத்தரவு என்றார் கண்டக்டர். உத்தரவுக்கு என்ன காரணம் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பஸ் இருமியது... நின்றது. எடை கூடுவதற்காகக் கரிக்கடைக்காரர் தண்ணீர் தெளித்து விற்ற கரி! வெறும் புகைதான் வந்தது. தள்ளினோம். மறுபடி தள்ளினோம். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து பர்மாவைப் பற்றிப் பேசினோம்.

பர்மாவைப் பற்றி முன்பெல்லாம் நினைத்தாவது பார்த்தோமா? அங்கிருந்து அரிசி வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. விளக்கை ஏற்றினோம், சாப்பிட்டோம், தூங்கினோம். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகுதான், விளக்கு நம்முடையது, எண்ணெய் அடுத்தவருடையது என்று உறைத்தது. விற்பதிலும் இதே கதைதான். கப்பல் ஏறும் என்று நம்பி வயல் வயலாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டோம். கப்பலைக் காணோம், மூட்டைகள் மண்டியில் தூங்குகின்றன. இப்போது சர்க்கார் நோட்டீஸ் ஒட்டுகிறது — நெல் பயிரிடு, கரியில் வண்டி ஓட்டு! கையில் இல்லாமல் போன பிறகு போடுகிற உத்தரவுக்குப் பெயர் கொள்கையா?

அப்போதுதான் அந்த அம்மாளும் மகளும் நடந்து வந்து சேர்ந்தார்கள். பெண்ணின் கால் சீழ் பிடித்திருந்தது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டாராம். கொண்டுபோகும் மூட்டையை விற்றுத்தான் விழுப்புரத்தில் சாப்பாடு.

மூட்டையில் என்ன? நன்றாகக் காய்ந்த சவுக்குக் கரி.

டிரைவர் எழுந்து நின்றார். அவர் வாயிலிருந்து "அம்மா" என்று வந்தது. கேட்ட விலையைக் கொடுப்பதாகச் சொன்னார்.

"விலை வாணாம். சோத்த எப்பிடியோ பாத்துக்கிறோம். எம் பொண்ணு முன்னாடி குந்தட்டும். இனிமே எங்க ஊராண்ட பஸ்ஸு நிக்கணும்" என்றாள்.

முதலாளியைக் கேட்க வேண்டுமே என்று டிரைவர் இழுத்தார். அவள் மூட்டையைத் திரும்பத் தலைக்குத் தூக்கினாள். முதலாளியைக் கேட்காமலே சம்மதம் வந்துவிட்டது.

முன் சீட்டில் இருந்தவர் எழுந்துகொண்டார். அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஈரக் கரியை வாரிக் கொட்டிவிட்டுப் பீப்பாய்க்குள் புதுக் கரியைப் போட்டார்கள். பாதி விழுந்ததும் அந்த அம்மாள் மூட்டையின் வாயை இழுத்துக் கட்டிவிட்டாள். மீதியையும் போடச் சொன்னார் டிரைவர்.

"விழுப்புரம் போறதுக்கு இது போதும்பா. நாங்க திரும்பி வரும்போது நீ நிறுத்தணுமே... அதுக்குத்தான் மீதி" என்றாள்.

எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. அன்றைக்கு பஸ், ஸ்டாண்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுபோனது யார் தெரியுமா? அதே டிரைவர்தான்.

நாட்டுக்குக் கொள்கை வகுக்கிற பெரிய மனிதர்கள் யாரும் அந்தப் பஸ்ஸில் வரவில்லை. அவர்களுக்குத்தான் இன்னும் பெட்ரோல் கிடைக்கிறதே!