துடைக்க முடியாத பூட்ஸ்

ஸ்டீவ்ஸ்டன் மீன் ஆலையில் இருபது வருடமாகச் சால்மன் மீனின் குடலை உருவி வந்த ஹத்சுயே, ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு பெரிய ஓவியம் வரைந்து முடித்தாள். 1977இல், ஜப்பானியர் கனடாவுக்கு வந்த நூறாம் ஆண்டுக் கண்காட்சிக்காக வரைந்தது. திறப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் அதைச் சுவரிலிருந்து கழற்றியவன் வேறு யாருமில்லை. விழாச் செயலாளரான அவள் தம்பி இவாவோதான்.

ஓவியத்தில் அவர்களுடைய அம்மா முழங்காலிட்டு மரத்தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி, நடுக்கூடத்தில், சேறு அப்பிய போலீஸ் பூட்ஸ் இரண்டு.

“அந்த பூட்ஸ மட்டும் பெயின்ட் அடிச்சு மறைச்சிடுக்கா. மேயர் வர்றார்.”

“மறைச்சா அம்மா எதத் தேய்க்கிறா? புது வருஷத்துக்கு வீடு கழுவுறாளா?”

“நம்ம சனம் பொறுமைக்குப் பேர் போனது. அந்தப் பேரக் கெடுக்காத.”

“பொறுமையா? உனக்குப் பத்து வயசு அப்ப. வாளியில தண்ணி கொண்டுவந்து கொடுத்தவனே நீதானடா!”

இவாவோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அது 1942. ஜப்பானோடு போர் மூண்டதும் கடற்கரையோர ஜப்பானியரையெல்லாம் கனடா அரசாங்கம் வெளியேற்றியது. அப்பாவின் படகை முன்பே பிடுங்கியிருந்தார்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்ய உத்தரவு. சண்டை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பினாள் அம்மா, பைத்தியக்காரி. வீட்டை அழுக்காக விட்டுப் போவது மானக்கேடு என்று விடிந்ததிலிருந்து கழுவினாள். சாமான்களைக் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரன் வாசலில் பூட்ஸைக் கழற்றவில்லை. அவள் குனிந்து வணங்கி, தேநீர் கொடுத்து, அவன் வைத்த அடி ஒவ்வொன்றையும் பின்னாலேயே போய்த் துடைத்தாள். அன்றிரவு அவர்கள் படுத்தது வான்கூவரில், குதிரை மூத்திரம் நாறிய கொட்டிலில்! பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அரசாங்கம், கேட்காமலே வீட்டை விற்றது. எவனோ ஒருவன் குடிவரத்தான் அவள் தேய்த்துத் தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொண்டாள். பிறகு கொண்டுபோய் அடைத்த மலை முகாமின் இரண்டாம் குளிர்காலத்தில் செத்தும் போனாள்.

“தொங்கவிட மாட்டியா? சரி.” ஹத்சுயே ஓவியத்தைத் தூக்கிப்போய் மண்டபத்தின் வாசற்படிக்குக் குறுக்கே தரையில் கிடத்தினாள். “மேயரு, நீ, எல்லாரும் இத மிதிச்சுட்டு உள்ள போங்க. அம்மாவுக்குப் பழக்கம்தான்.”

“அக்கா, எடுத்துடு. மானம் போகுது.”

“மொதல்ல நீ மிதி. செயலாளர் ஐயாதான வழிகாட்டணும்?”

அவன் தன் பளபளக்கும் ஷூவைப் பார்த்தான். கீழே கிடந்த அம்மாவின் வளைந்த முதுகைப் பார்த்தான். சட்டென்று மண்டியிட்டு ஓவியத்தை வாரி எடுத்தான். நேரே உள்ளே போய், மேயருக்கென்று நடுச்சுவரில் மாட்டியிருந்த செர்ரிப்பூப் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“ஆணி தாங்குமாக்கா?”

“இன்னொண்ணு அடி,” என்றாள். அவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.